ஒரு பட்டன், எட்டு வாசல்

போன மாசம் ஒருநா எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ராஜாமணி டீச்சர் வீட்டுக்குப் போயி காலிங் பெல்லுக்கு பேட்டரி மாத்தணும். பத்து நிமிச வேலை.

என்னையப் பத்தித் தெரியாதவியளுக்குச் சொல்லுதேன். ஆன்லைன்ல தள்ளுபடி போடுதப்ப இயர்போன், எமர்ஜென்சி லைட்டு, சார்ஜர்னு மொத்தமா வாங்கி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டு கோவில்பட்டிக்குள்ளயே விக்குதேன். கைச்செலவுக்கு ஆச்சு. எங்க வீட்டுக்காரவுக இதுக்கு வச்ச பேரு ‘குப்பைக் கடை’.

இந்தத் தடவை வயர் இல்லாத காலிங் பெல்லு. பாதி விலை! பட்டனை வாசல்ல ஒட்டிட்டு பெல்லை உள்ள பிளக்குல சொருகுனா வேலை முடிஞ்சது. எட்டு வாங்குனேன். எட்டையும் டீச்சர் தெருவுலயே ஒரே நாள்ல வித்துத் தீத்துட்டேன். லாபத்துல ஒரு சுடிதாரும் எடுத்தாச்சு. என்னா பெருமை எனக்கு!

நாலாம் நாள் டீச்சர் போன்.

“ஏட்டி செல்வி, பெல்லு தானா அடிக்கி. போயிப் பாத்தா ஒரு ஆளு கிடையாது. எங்க வீட்டு சாருக்கு முட்டுவலி. காலையில இருந்து பதினோரு தடவை எந்திச்சுட்டாவ.”

ஏழாம் வகுப்புல எனக்குக் கணக்கு எடுத்தவுக. இன்னமும் அவுக குரலைக் கேட்டா எந்திச்சு நின்னுதான் பேசுவேன்.

“பேட்டரியா இருக்கும் டீச்சர். இப்பமே வாரேன்.”

எனக்கு எலக்ட்ரானிக்ஸ்ல தெரிஞ்ச ஒரே வைத்தியம் அதுதான்.

போனா, பட்டனுக்கு மேல எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குது.

“என்ன டீச்சர் இது?”

“சார் கட்டுனது. எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது.” கொஞ்சம் யோசிச்சாவ. “ஆனா நான் அவுக்கவும் இல்ல.”

சார் உள்ள இருந்தே சொன்னாவ: “பெல்லு கிடக்கட்டும்மா. நாலு நாளா நம்ம தெருவே மாறிப்போச்சு. எப்ப கதவைத் திறந்தாலும் எல்லாரும் வாசல்ல நிக்காவ. நல்ல ஒத்துமை!”

கேட்டு எனக்கும் சந்தோசம். அறிவுன்னு ஒண்ணு வேண்டாமா!

பேட்டரிய மாத்தி பட்டனை அமுக்குனேன். உள்ள பெல்லு குருவி மாதிரிக் கத்துச்சு.

“பாத்தியளா டீச்சர்!”ன்னு திரும்புனேன்.

எதுத்த வீட்டுக் கதவு திறந்துச்சு. அடுத்து பக்கத்து வீடு. அப்புறம் அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணுன்னு வாசலுக்கு வாசல் ஆளு!

“யாரு?”

“யாரு பெல்லடிச்சது?”

சந்தேகம் தீரட்டும்னு இன்னொரு தடவை அமுக்குனேன் பாருங்க. எட்டு வீட்டுக்குள்ளயும் எட்டுக் குருவி ஒண்ணாக் கத்துச்சு.



பக்கத்து வீட்டு டியூசன் அக்காதான் முதல்ல வாயத் திறந்தாவ. “அப்ப அமுக்கிட்டு ஓடுனது பிள்ளைக இல்லையா? பதினெட்டுப் பிள்ளைகளையும் நாலு நாளாத் தோப்புக்கரணம் போட வச்சேனே!”

எதுத்த வீட்டு அக்கா இடுப்புல ஒரு நாய்க்குட்டி. “திருடன் நோட்டம் பாக்கான்னு நேத்துதான் இதை வாங்குனோம். இதையும் நீயே எடுத்துக்கிடுதியா?”

டீச்சர் கண்ணாடிய ஏத்தி விட்டாவ. “செல்வி, எட்டுப் பேரு பணத்தையும் திருப்பிக் குடு.”

நல்லவேளை, நான் முன்னமே நின்னுக்கிட்டுதான் இருந்தேன்.

நான் போட்டுருந்த புதுச் சுடிதாரையே குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கேன். துணிய வெட்டித் தச்சாச்சு. கடைக்காரன் திருப்பி வாங்குவானா?

அப்பந்தான் கடைசி வீட்டு அண்ணாச்சி வந்தாவ. தீப்பெட்டிக் கம்பெனி வச்சிருக்கவுக. இடுப்புல துண்டு, காதுல சோப்பு நுரை. பாதிக் குளியல்ல வந்திருக்காவ. செத்தேன்னு நெனச்சேன்.

“ஏம்மா, ஒரு பட்டனை அமுக்குனா எட்டு எடத்துலயும் அடிக்குமா?”

“தெரியாம நடந்துபோச்சு அண்ணாச்சி...”

“எட்டும் ஒரே நேரத்துலயா?”

“ஆமா அண்ணாச்சி.” அழுகையே வந்துட்டு.

“இதைத்தானம்மா ரெண்டு வருசமாத் தேடுதேன்! டீக்கு மணியடிச்சா இந்த ஷெட்டுக்குக் கேட்டா அந்த ஷெட்டுக்குக் கேக்க மாட்டேங்கு. எட்டையும் கழட்டு!”

எட்டையும் வாங்கிக்கிட்டாவ. தெருக்காரவுகளுக்குப் பணம் திரும்பக் கிடைச்சுட்டு. நாய்க்குட்டி மட்டும் அங்கனயே தங்கிட்டு.

கம்பெனியில பெல்லு பிரமாதம். மூணாம் நாளே அண்ணாச்சி கூப்பிட்டு, “இன்னும் நாலு வேணும்மா”ன்னாவ. அதே கடை, அதே மாடல், அதே தள்ளுபடி. நானே போயி ஒட்டுனேன். தலை நிமிந்து நின்னு பட்டனை அமுக்குனேன்.

ஒண்ணுதான் அடிச்சது.

அடுத்த பட்டன். அதோட பெல்லு மட்டும். நாலும் தனித்தனியா, சொன்ன பேச்சைக் கேட்டு அடிக்குது!

அண்ணாச்சி மூஞ்சி சுருங்கிப் போச்சு. “என்னம்மா இது? ஒண்ணை அமுக்குனா ஒண்ணுதான் அடிக்கி. நல்ல பீஸாக் குடுப்பேன்னு நம்புனா, பழுதைத் தலையில கட்டப் பாக்கியே!”

ஒழுங்கா வேலை செய்யுதுங்கற ஒரே குத்தத்துக்காக, நாலையும் ரிட்டன் வாங்கிட்டு வந்தேன்.