கையெழுத்துப் போடப் போன ஜானிஷ்

இனிமேல் இந்த வீட்டில் ஒரே முடிவுதான், அது தன் முடிவுதான் என்று ஜானிஷ் ஞாயிற்றுக்கிழமை காலை அறிவித்தான். பத்து நாளில் அது அவனுடைய ஐந்தாவது முடிவு.

விஷயம் இதுதான். மகள் உம்சுனாய்க்கு ஒரு வயது முடிந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. அவளுக்குத் தட்டம்மை ஊசி போடுவதா வேண்டாமா? நாரின் ஊரில் அந்த வசந்தத்தில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. அதைவிட வேகமாக அதைப் பற்றிய அபிப்பிராயங்கள் பரவிக்கொண்டிருந்தன.

ஜானிஷ் மினிபஸ் ஓட்டுகிறவன். ஆற்றோரமாக நீளமாகக் கிடக்கிற ஊர் அது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே சாலை. ஊரே அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இருமும், தும்மும், யோசனை சொல்லும். காலையில் ஏறிய கணக்கு டீச்சர், குழந்தைக்கு ஊசி போடாதவனெல்லாம் ஒரு அப்பனா என்றார். போட்டுவிடுவது என்று முடிவு செய்தான். மத்தியானம் ஆட்டுச் சந்தையில் ஏறியவர், நாங்களெல்லாம் ஊசி போட்டா வளர்ந்தோம் என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். முடிவு மாறியது. யார் கடைசியாக இறங்கினார்களோ அவர்கள் கட்சி அவன்.

அவனே ஊசி போடாமல் வளர்ந்தவன்தான். அதில் அவனுக்குப் பெருமை உண்டு. சின்ன வயதில், நர்ஸ் ஊருக்குள் வரும்போதெல்லாம் அவன் குடும்பம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலை மேய்ச்சலுக்குப் போயிருக்கும். அவர்கள் இறங்கி வரும்போது நர்ஸ் போயிருப்பாள். இப்படியே முப்பத்துநாலு வருஷம் ஓட்டிவிட்டான். ஆனால் பெருமைக்கு அடியில் வேறொன்று இருந்தது. மாட்டுக்கு ஊசி போட டாக்டர் வந்தால்கூட ஜானிஷ் தொழுவத்துக்கு வெளியே வந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

மனைவி பெர்மெத் இதில் எதற்கும் வாயைத் திறக்கவில்லை. புருஷன் வீட்டுப் பெரியவர்களை எதிர்த்து மருமகள் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது அங்கே வழக்கம். அவள் பேச வேண்டியதையெல்லாம் தேநீர்க் கெண்டியை வைத்துப் பேசிவிடுவாள். பாதிக் கோப்பை ஊற்றிக் கொடுத்தால், இன்னும் கொஞ்சம் இருங்கள், மறுபடி ஊற்றித் தருகிறேன் என்று அர்த்தம். விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அன்று மத்தியானம் இரண்டு பேர் வந்து தாழ்வான மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டு ஜூரா பெரியம்மா. தெருவில் எந்தக் குழந்தை எப்படி வளர்க்கப்பட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இன்னொருத்தி ஜானிஷின் மூத்த அக்கா துமார். இவனைத் தூக்கி வளர்த்தவள். அவள் இருமினால் இவன் எழுந்து நிற்பான்.

"குழந்தையைத் தொட்டில்ல கட்டிப் போடாம சும்மா விட்டு வச்சிருக்கியே பெர்மெத், கால் வளைஞ்சுடாது?" என்று ஆரம்பித்தார் ஜூரா.

"பார்த்துக்கறேன் பெரியம்மா."

"எங்க தங்கச்சி பேரனுக்கு ஊசி போட்டாங்க. மூணு நாள் விடாம அழுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நிறுத்திட்டான். ஆனா மூணு நாள்மா."

பெர்மெத் அவர் கோப்பையை வாங்கினாள். ததும்பத் ததும்ப ஊற்றிக் கொடுத்தாள். ஜூரா கோப்பையைப் பார்த்தார், பெர்மெத்தைப் பார்த்தார், ஊதி ஊதிக் குடித்துவிட்டு இரண்டு போர்சோக் பணியாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

இப்போது துமார் அக்காவின் முறை.

"டேய், சனிக்கிழமை குழந்தைக்குக் கால் நூல் வெட்டற விருந்து. நூலை யார் வெட்டறது?"

"நீதான்கா. வேற யாரு?"

அதில் ஜானிஷுக்கு சந்தேகமே கிடையாது. நடக்கப் பழகும் குழந்தையின் இரண்டு காலையும் கறுப்பு வெள்ளை நூலால் கட்டி, அதை வெட்டிவிட்டு நடக்க விடுவார்கள். வெட்டுகிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. அக்காவை விட்டுவிட்டு வேறு யாரிடமாவது கத்தியைக் கொடுத்தால் அவன் அந்தத் தெருவில் வண்டி ஓட்ட முடியாது.

"நான் வெட்டணும்னா ஒரு நிபந்தனை. ஊசி வேண்டாம்னு நீ ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்துட்டு வா. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"அந்தப் பேப்பரை யாராவது வாங்கிட்டு வந்தா இங்கேயே—"

"அப்பன் நேர்ல வரணுமாம்."

"நேர்லயா?" ஆஸ்பத்திரி வாசனை இப்போதே மூக்கில் ஏறியது அவனுக்கு.

"ஆமாங்க, நேர்லதானாம். அண்ணி சொல்றது சரிதான்," என்றாள் பெர்மெத்.

அக்காவின் பயத்துக்குக் காரணம் உண்டு. அவள் மகன் எர்கின் கைக்குழந்தையாக இருந்தபோது, ஊசி போட்ட வாரத்தில் காய்ச்சல் வந்து வலிப்பு வந்துவிட்டது. இடுப்பளவு பனியில் அவனை மார்போடு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இன்று அவன் பட்டாளத்தில் இருக்கிறான், வாசலில் குனிந்துதான் நுழைய முடியும். ஆனால் அவள் மனசு இன்னும் அந்தப் பனியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜானிஷ் அப்படித்தான் நினைத்திருந்தான். அதனால்தான் அவளிடம் அவனால் வாதாட முடியவில்லை.

அக்கா அன்று ஒரு மணி நேரம் பேசினாள். பெர்மெத் அவளுக்கு ஏழு தடவை தேநீர் ஊற்றினாள். ஏழு தடவையும் பாதிக் கோப்பை. இதை ஜானிஷ் கவனித்திருக்கலாம். அவன் ஆஸ்பத்திரி வாசனையில் இருந்தான்.

அக்கா போன பிறகு அவனுக்கு மனைவி மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவள் இல்லையே.

"உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையா?"

"வீட்டுத் தலைவர் நீங்க. முடிவு பண்ணிட்டீங்க."

"எனக்குத் தெரியாம ஊசி போட்டுட மாட்டியே?"

பெர்மெத் மேஜை மேலிருந்த வட்ட ரொட்டியில் கை வைத்தாள். "இனிமே இந்த ஊசிக்காக உம்சுனாயைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன். ரொட்டி மேல சத்தியம்."

ரொட்டி மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவர் அந்த ஊரில் கிடையாது. ஜானிஷ் நிம்மதியாகத் தூங்கினான்.

அந்த நிம்மதி வியாழக்கிழமை வரைக்கும் இருந்தது. அன்று காலை அவன் வண்டியில் கீழ்த்தெருப் பெண் ஒருத்தி ஏறினாள். மடியில் இரண்டு வயதுப் பையன். கண்ணெல்லாம் சிவந்து, முகமெல்லாம் தடித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் இருமிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, ஜானிஷே பையை எடுத்துக் கொடுத்தான். அந்தப் பெண் அவனிடம் எந்த அபிப்பிராயமும் சொல்லவில்லை. அன்று அவன் வண்டியில் ஏறி அபிப்பிராயம் சொல்லாமல் இறங்கியவள் அவள் ஒருத்திதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். உம்சுனாய் சுவரைப் பிடித்தபடி "அத்தா, அத்தா" என்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு தத்தித் தத்தி வந்தாள். அவன் பின்னால் நகர்ந்தான். சட்டையைக் கழற்றி வெளியே போட்டான். முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினான். அப்போதும் அவளைத் தூக்கக் கை வரவில்லை.

"பெர்மெத், நாளைக்குப் பேசாம ஊசியைப் போட்டுடலாமா?"

பெர்மெத் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "அண்ணிகிட்ட யார் சொல்றது?" என்று கேட்டாள்.

ஜானிஷ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தைவிட அக்கா என்ன சொல்வாளோ என்ற பயம் தனக்குப் பெரிதாக இருக்கிறதே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினார்கள். குழந்தையை அவனே தூக்கிக்கொண்டான், பெர்மெத்தின் சத்தியம் கெடக்கூடாது என்று. ஊசி அறையில் நர்ஸ் கனிஷாய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் திரை தொங்கியது.

"மறுப்புக் கடிதமா? இங்க கையெழுத்துப் போடுங்க," என்று காகிதத்தைத் தள்ளினாள். குரலில் கோபமில்லை. ஒரு நாளைக்குப் பத்துக் கதவு தன் முகத்தில் சாத்தப்பட்டுப் பழகியவள் அவள்.

ஜானிஷ் பேனாவை எடுத்தான். உம்சுனாய் அதன் மறுமுனையைப் பிடித்துக் கடித்தாள். மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல். அவன் இழுத்தான், அவள் விடவில்லை. அவனும் பிறகு இழுக்கவில்லை.

"போட முடியாதும்மா," என்றான்.

"என்ன போட முடியாது?"

"கையெழுத்து. ஊசியைப் போட்டுடுங்க குழந்தைக்கு. அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். நூல் வெட்ட வரலைன்னா வர வேண்டாம். தெருவில எவன் என்ன பேசினாலும் பேசிட்டுப் போகட்டும். இவ என் பொண்ணு."

வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் சொல்லிக் கொடுக்காமல் எடுத்த முடிவு.  நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பெர்மெத் அவன் தோளைத் தொட்டாள். கண்ணில் நீர் நின்றது அவளுக்கு.

கனிஷாய் குழந்தையின் அட்டையைத் திறந்து திருப்பிக் காட்டினாள். "போட்டாச்சே."

"எப்ப?"

"ஒரு வயசு முடிஞ்ச மறுநாளே. பத்தொன்பது நாள் ஆச்சு. விருந்துக்கு ஊரே வந்து கொஞ்சுமே, அதுக்குள்ள உடம்புல எதிர்ப்பு வந்துடணும்னு இவங்கதான் கணக்குப் பண்ணிக் கூட்டிட்டு வந்தாங்க. லேசா காய்ச்சல் இருந்துச்சு, இல்ல?"

"பல்லு முளைக்குதுன்னு சொன்னாளே."

"அதுவும் முளைச்சுதே," என்றாள் பெர்மெத்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. துமார் அக்கா வெளியே வந்தாள். "என் மடியில வச்சுத்தாண்டா போட்டாங்க. இவ வந்து, அண்ணி, மூணு பிள்ளை வளர்த்தவங்க, உங்க கைதான் நடுங்காதுன்னா. வந்தேன். என் மனசுல இத்தனை வருஷமா இருந்ததையெல்லாம் இந்த நர்ஸம்மாகிட்ட கேட்டேன். திட்டாம உட்கார்ந்து பதில் சொன்னா. அன்னிக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தா நான் இவ்வளவு காலம் பயந்திருக்க மாட்டேன்."

ஜானிஷுக்கு ஏழு பாதிக் கோப்பைகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"அப்ப இந்தக் கையெழுத்து, நிபந்தனை, நேர்ல வரணும், இதெல்லாம் எதுக்கு?"

"ஊர் முழுக்க யார் முதுகுக்குப் பின்னால உட்கார்ந்து இருமுது?" என்றாள் பெர்மெத், ரொம்ப மெதுவாக. "ஊசியே போடாம வளர்ந்தவர் யாரு? நேத்து வாசல்லயே நின்னுட்டீங்களே, அந்தக் கஷ்டம் இனி வேண்டாங்க."

கனிஷாய் அலமாரியிலிருந்து இரண்டாவது அட்டை ஒன்றை எடுத்தாள். அதில் ஜானிஷின் பெயர் ஏற்கெனவே அழகாக எழுதப்பட்டிருந்தது.

"சட்டைக் கையை மடிங்க," என்றாள்.

சனிக்கிழமை முற்றத்தில் தெருவே கூடியிருந்தது. உம்சுனாயின் காலில் கறுப்பு வெள்ளை நூலைக் கட்டி, துமார் அக்கா ஒரே வெட்டாக வெட்டினாள். குழந்தை ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு அக்காவைப் போலவே தலையை நிமிர்த்திக்கொண்டு நாலடி நடந்து அப்பாவிடம் வந்தது. ஜானிஷ் கலங்கிய கண்ணோடு குனிந்து இடது கையால் தூக்கினான். "ஆ" என்றான்.

"அந்தக் கைதானா?" என்றார் ஜூரா பெரியம்மா.

தெருவே அவன் இடது கையைத் திரும்பிப் பார்த்தது.

"எந்தக் கை?" என்றான் ஜானிஷ்.

"குழந்தை ஒரு தடவை சிணுங்கிட்டு நிறுத்திடுச்சாம். இவன்தான் அக்கா கழுத்தைக் கட்டிக்கிட்டு மடியில உட்கார்ந்தானாம். நான் கேட்டதைச் சொல்றேன், எனக்கென்ன?" ஜூரா சுற்றிலும் பார்த்தார். மேலே சொல்வதற்கு அவரிடம் இன்னும் நிறைய இருந்தது. தொண்டைதான் காய்ந்திருந்தது.

ஜானிஷ் மனைவியைக் கெஞ்சலாகப் பார்த்தான். பெர்மெத் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டி, கெண்டியை எடுத்துக்கொண்டு போய், ஜூராவின் கோப்பையை வாங்கினாள்.

பாதிதான் ஊற்றினாள்.