எலி ஒழிப்பவர் வீட்டில் ஏழு குட்டி

தூத்துக்குடி,
30-8-78

அன்பு மகள் கிளாடிஸுக்கு அப்பா பர்னபாஸ் ஆசீர் கூறி எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். எலிகளும் சுகம். மெட்ராஸில் உன் சுகத்துக்கு எழுதவும்.

இக்கடிதம் கிடைக்குமுன் குட்டிகள் ஏழும் உன் கைக்கு வந்திருக்கும். பக்கத்து வீட்டு வில்பிரட் நேற்று மாலை கூடையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

திருவிழாவுக்கு வந்தவள் ஆராய்ச்சி எலியை ஜோடியாகக் கொண்டுவந்தாய். பெண் எலி நம் வீட்டிலேயே ஏழு ஈன்றதும், பால்குடி மறக்காத குட்டிகளை ரயிலில் குலுக்கக் கூடாது என்று விட்டுவிட்டுப் போய்விட்டாய். புற்றுநோய் அணுவைக் கண்டால் கொல்லுகிற அணுக்கள் எலும்புக்குள்ளே பிறக்கும், ஆனால் பிறந்த குட்டியிடம் வேலைக்கு ஆகாது, மூன்று வாரம் போனால்தான் முற்ற ஆரம்பிக்கும், அதைப் பார்ப்பதுதான் என் படிப்பு, குட்டி செத்தால் எல்லாம் போச்சு என்றாய். நானோ கப்பல் கயிற்றில் தகரத் தட்டு மாட்டி, ஒரு எலி கரையிறங்காமல் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். உன் அணு யாரும் சொல்லாமலே கொல்லுமாம். எனக்கு ஒரு எலியை அடிக்க மேலதிகாரி உத்தரவு வேண்டும். அந்த மேலதிகாரி ஆறுமுகநயினார் ஐயா போன வாரம் நம் வாசலில் வந்து நிற்கிறார், உள்ளே ஏழும் கீச்சுகீச்சென்று கத்துதுகள், எனக்கு வேர்த்துக் கொட்டுது, "என்னவே பர்னபாஸ், உம்ம வீட்லயே எலியா?" என்கிறார். என் வேலையும் உன் படிப்பும் ஒரே நாளில் போச்சு என்று நினைத்தேன். எலி இருக்கிற அறைப் பக்கமே வராத உன் அம்மாதான் அசராமல் சொன்னாள்: "பக்கத்து வீட்டுத் தொட்டில் சத்தம்யா அது. எண்ணெ போடச் சொன்னா கேக்க மாட்டேங்காவ." ஐயா காப்பி குடித்துவிட்டுப் போனார். ஆனாலும் மறுநாள் ஆள் மூலம் எலிமருந்துப் பொட்டலம் அனுப்பினார். அம்மா அதைக் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தாள்.

நீ சொன்னதில் ஒன்றையும் நான் விடவில்லை. பெரிய எலி இரண்டையும் அடுத்த வாரம் அனுப்பிவிட்டால், துறைமுகத்துக்கு நான் மறுபடி யோக்கியன். ரொம்ப நிம்மதியாக இருக்கிறேன், மகளே. உன் ஆராய்ச்சி நல்லபடியாக முடிய மாதா துணையிருப்பாளாக.

அன்பு அப்பா,
பர்னபாஸ்

பி.கு.: ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். ஆண் எலியைத் தனி டப்பாவில் வைக்கச் சொன்னாயே, பிள்ளை பெற்ற அன்றைக்கே புருஷனை வெளியே தள்ள எனக்கு மனசு வரவில்லை. நீ ரயிலேறியதும் திரும்பக் கூண்டில் விட்டுவிட்டேன். இப்போதுதான் அம்மா கூப்பிட்டுக் காட்டினாள்: புதிதாக எட்டு. தாய்க்காரிக்குக் கருப்பட்டி லேகியம் உருட்டிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஐயா மறுபடி வருகிறாராம். பக்கத்து வீட்டில் அடுத்த பிள்ளையும் பிறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறாள். அங்கே தனியாக இருக்கிற வில்பிரட்டுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது மட்டும் ஐயாவுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்.