இளங்கோவனின் நாற்பத்தாறு கிலோ

இனி அடுத்தவர் சுமையைச் சுமப்பதில்லை என்று கொண்டாப்பூர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் இளங்கோவன் சபதம் எடுத்தான். 2007, பிப்ரவரி, சனிக்கிழமை காலை.

சும்மா எடுக்கவில்லை. முந்தின நாள் ஆபீஸில் பயிற்சி. நடத்த வந்த அம்மாள் ஆளுக்கொரு முதுகுப்பையில் நாலு செங்கல் போட்டு மாட்டிவிட்டாள். சாப்பிடும்போதுகூடக் கழற்றக்கூடாது. சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடம், இதற்குப் பெயர்தான் எக்ஸஸ் பேகேஜ், விமானத்தில் ஏறும்போது பெட்டியில் இருக்கும், மற்ற நேரமெல்லாம் மனசில் இருக்கும், கனமானதை இறக்கி வையுங்கள் என்றாள்.

இளங்கோவனுக்குக் கண் கலங்கிவிட்டது. போன முறை அமெரிக்கா போனபோது ஊறுகாய், பருப்புப்பொடி, கொலு பொம்மை என்று அடுக்ககமே அவன் பெட்டியில் ஏறிக்கொண்டது. அங்கே சனி, ஞாயிறெல்லாம் வீடு வீடாகப் பட்டுவாடா. அவன் மட்டும் மூன்று மாசம் ரொட்டியும் ஜாமும் தின்றான். வரும் புதன்கிழமை மறுபடி அமெரிக்கா கிளம்புகிறான். இந்த முறை பெட்டியில் போகப்போவது அவனுடைய குக்கர், அவனுடைய பொன்னி அரிசி, அவனுடைய புளிக்காய்ச்சல்.

“உஷா, இந்தத் தடவை யாரோட பார்சலும் கிடையாது.”

“நல்லதுங்க.”

“உன் தங்கச்சிக்கும் சேர்த்துத்தான்.”

உஷா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “சௌம்யாவுக்கு எதுக்கு? பிள்ளை பெத்து இருபது நாள்தானே ஆச்சு. அம்மாவுக்கு விசா கிடைக்கலை, அமெரிக்காவுல ஒத்தையா கெடக்கா. லேகியம் இல்லைன்னா என்ன, செத்தா போயிடுவா?”

“பாத்தியா, இதுதான் பேகேஜ். மனசுல ஏத்தறே.”

“நான் எதுவும் ஏத்தலை. ஆனா மாட்டேன்னு நீங்களே நாளைக்கு வீடு வீடாப் போய்ச் சொல்லிடுங்க. நான் சொன்னா, பொண்டாட்டிதான் தடுக்கறான்னு பேசுவாங்க.”

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் வெற்றி. மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையுடன் கிளம்பினான்.

முதலில் இரண்டாம் மாடி அன்னம்மாள். மகன் டல்லாஸில் இருக்கிறான்.

“வாங்க தம்பி. இந்தக் காலத்துல யாரு வீடு தேடி வந்து வாங்கிக்கறாங்க? உங்க மனசு யாருக்கு வரும்?” டேப் ஒட்டி, போன் நம்பர் எழுதிய பெட்டி வாசலிலேயே காத்திருந்தது. மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். அன்னம்மாள் அதில் ஒரு அதிரசத்தை வைத்தாள்.

அடுத்து சந்திரசேகரன். ரயில்வே பட்டறையில் ரிட்டையர் ஆனவர். நாற்பது வருஷ செகந்திராபாத், ‘வேண்டாம்’ அவர் வாயில் ‘நக்கோ’ என்றுதான் வரும்.

“நக்கோன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். எடை போட்டே கட்டியிருக்கேன். ஆறே கிலோ.”

“இல்ல சார், நான் வந்தது எதுக்குன்னா...”

“தெரியும் சார். இந்தப் பக்கம் பிடிங்க.”

ஐந்து வீடு முடிந்து திரும்பியபோது இரண்டு கையும் போதாமல், கதவை முழங்காலால் தட்டினான். உஷா திறந்து, ஒவ்வொன்றாக வாங்கித் தராசில் மாட்டினாள். முப்பத்தாறு கிலோ.

“எல்லா வீட்லயும் கட்டி ரெடியா வெச்சிருந்தாங்களே, எப்படி?”

“நேத்தே போன் பண்ணிட்டேன். அவரே நேர்ல வந்து வாங்கிக்கறாராம்னு.”

“ஏன் உஷா?”

“ஊருக்கே தூக்கறவரு மச்சினிக்கு மட்டும் மாட்டேன்னு சொல்ல முடியாதில்ல?” அலமாரியிலிருந்து லேகிய டப்பா வந்தது. பின்னாலேயே வசம்பு, குழந்தைக்குத் துணி, பூண்டு ஊறுகாய். அவள் முகம் சௌம்யாவைப் பார்த்த மாதிரியே மலர்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இளங்கோவன் தராசை எடுத்து நீட்டினான்.

புதன்கிழமை பேகம்பேட் விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது இரண்டு பெட்டியையும் தராசில் மாட்டிப் பார்த்தான். இரண்டும் சேர்ந்து சரியாக நாற்பத்தாறு கிலோ, விமானத்தில் அனுமதிக்கும் அதே அளவு. ஏதோ சந்தேகம் தட்டியது.

“என் குக்கரு?”

“கனமா இருந்துதுங்க. இறக்கி வெச்சுட்டேன்.”