ஊசிக்குள் இருக்கும் புழு சைவமா?

பலெர்மோ,
கந்தசஷ்டி முடிந்த மறுநாள்.

பேரறிஞரும், படைப்புழுக்களின் பரிபாலகரும், என் அக்காள் பெற்ற அருஞ்செல்வருமாகிய மருமகன் யசிந்தனுக்கு, மாமா கோபாலசிங்கம் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். உமது புழுக்களும் சுகமாய்ப் பெருக முருகன் துணை. இனி நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று இத்தாலியத் தபால் முத்திரைமீது சத்தியம் பண்ணித் தொடங்குகிறேன்.

லிபெர்த்தா வீதியில் நானும் உமது மாமி குகனேஸ்வரியும் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா, சிஞ்ஞோரா ஸ்ரெல்லாவுக்கு வயது தொண்ணூற்றொன்று. ஒரு காய்ச்சல் வந்தால் நெஞ்சு தாங்காது. அவருடைய மகள் மரியா, குளிர்காலக் காய்ச்சல் ஊசி போடாதவர் எவரும் வாசல்படி தாண்டக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். மாமியோ சஷ்டி விரதம். “இஞ்சாருங்கோ, உந்த ஊசி முட்டையிலை செய்யிறதாம். ஆறு நாளும் பால் பழத்தோடை இருக்கிற நான் தோள்மூட்டாலை முட்டை சாப்பிடுறதோ?” என்றாள். நான் வைத்தியரோடு ஏழு மணிநேரம் இத்தாலிய மொழியில் வாதாடி, அதில் நான்கு மணிநேரம் கைகளால் மட்டும் வாதாடி, முட்டையே தொடாத ஊசி ஒன்று இருக்கிறதென்று கண்டுபிடித்தேன். அத்தோடு வாயை மூடியிருந்தால் நான் கோபாலசிங்கம் இல்லையே. அதை எப்படிச் செய்கிறார்கள் என்று, மிலானில் ஊசிமருந்து செய்கிற வேலை பார்க்கிற உம்மை அழைத்துக் கேட்டேன், ஸ்பீக்கரில், மாமி பக்கத்தில் நிற்க.

நீரும் வள்ளலாய் அள்ளி வழங்கினீர். ஐம்பது வருடத்துக்கு முந்தி, சோளப்பயிரைத் தின்கிற ஒரு படைப்புழு கூட்டுப்புழுவாய்க் கிடந்தபோது அதன் உடம்பிலிருந்து எடுத்த உயிர்க்கலங்களாம். இன்றுவரை குடுவைக்குள் பெருகிக்கொண்டே இருக்கின்றனவாம். பூச்சிகளை மட்டும் பிடிக்கிற ஒரு வைரசுக்குள், ஊசிக்கு வேண்டிய புரதத்தின் செய்முறையைச் செருகி, அந்தக் கலங்களுக்குள் அனுப்புவீர்களாம். வைரசு உள்ளே போய்க் காலை நீட்டிப் படுத்திருக்க, வீட்டுக்காரக் கலம் தன் சமையலை நிறுத்திவிட்டு, வந்தவர் கேட்ட புரதத்தை அண்டா அண்டாவாய்ச் சமைத்துவிட்டு, நாலாம் நாள் வெடித்துச் சாகுமாம். யசிந்தன், இருபத்தாறு வருடமாய் நாங்கள் அடுத்தவர் வீட்டுக்குள் போய் நாங்களே சமைத்துக் கொடுக்கிறோம். இந்தக் கிருமி அடுத்தவர் வீட்டுக்குள் போய் அவரைக்கொண்டே சமைப்பிக்கிறது. படித்தது யார்? ஏன், பக்டீரியாவிடம் கொடுத்தால் என்ன என்றதற்கு, “இல்லை மாமா, புரதத்தின் மடிப்புச் சரிவராது, கொசுவம் இல்லாமல் சீலையைச் சுருட்டி இடுப்பிலை செருகினமாதிரி இருக்கும்” என்றீரே, அதை மட்டும் மாமி மெச்சினாள்.

பிறகு வந்ததுதான் பிரளயம். “முட்டையெண்டாலும் பரவாயில்லை. புழுவோ!” என்று அவள் போட்ட சத்தத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று பயந்து நங்கூரத்தைத் தூக்கிவிட்டது. ஒரு முழ நீள ஊசியோடு வைத்தியர் துரத்த, விரதகாரி போர்கோ வெக்கியோச் சந்தை மீன்கடைக்குள் ஓடி ஒரு வாள்மீனுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ஐந்து நாள் வேலை இல்லை. வேறொருவர் ஊட்டிய சூப்பை வாயில் வாங்காமல் சிஞ்ஞோரா வாசலையே பார்த்தபடி இருந்தார். ஆறாம் நாள், எங்கள் கோயில் மண்டபத்தின் நடமாடும் சட்டநூலாகிய அம்பலவாணர் தீர்ப்பு வழங்கினார்: “பிள்ளை, கத்தரிக்காய்க்குள்ளை இருக்கிற புழுவை நாங்கள் எத்தினை வருசமாச் சைவமாத்தான் சாப்பிடுறம். போய்ப் போடு.” சூரன் தலை விழுந்த அதே கணத்தில் மாமி கையை நீட்டினாள். பலெர்மோவின் அத்தனை மணிகளும் ஒலித்தன.

உமக்கும், உமது கலங்களுக்கும், வைரசுகளுக்கும் தனித்தனியே ஆசி கூறி முடிக்கும்,
மாமா கோபாலசிங்கம்.

பி.கு.: மாமி இதை வாசித்துவிட்டு முத்திரையைப் பிடுங்கி வைத்திருக்கிறாள். “உள்ளதை எழுதினாத்தான் ஒட்டுவன்” என்கிறாள். சரி. அவள் முதல்நாளே, உள்ளே முட்டையா புழுவா என்றுகூடக் கேட்காமல், ஊசியைப் போட்டுக்கொண்டு விரதத்தோடேயே வேலைக்குப் போய்விட்டாள். நான் உம்மோடு கதைத்தபோதும் அவள் வேலையில்தான். சைவம், முட்டை, புழு எல்லாம் ஊசியிலிருந்து தப்ப நான் தேடிப்பிடித்த சாட்டு. அம்பலவாணர் என்னை ஏசிச் சொன்னது “விசர்க்கதை கதையாதையும்” என்பது மட்டும். வாள்மீனுக்குப் பின்னால் நின்றது யாரென்று இனி எழுதத் தேவையில்லை.

மேலே உள்ளதில் ஒரு சின்னத் துண்டு அப்படியே உண்மை. சிஞ்ஞோரா சூப்புக் குடிக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாய் ஊட்டுகிறவன் நான். நேற்று வைத்தியர் என்னை வாசல்படியில் இருத்தியபோது, மரியாவின் சட்டத்தை மீறிச் சக்கர நாற்காலியில் வந்து என் மற்றக் கையைப் பிடித்து, “கோபாலோ, அந்தப் பக்கம் பார்” என்றார். பார்த்தேன். உமது புழுக்களை வேலையில் வைத்திரும், யசிந்தன். அடுத்த குளிருக்கும் அந்தக் கை வேண்டும்.