முதல் பக்கத்துக்குப் போன மெத்தை

இணைப்புப் பித்தர் என்றொரு இனம் உண்டு. காட்டில் தேட வேண்டாம். கணினிக்கு முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தன் இணையதளத்தின் முகவரியை அடுத்தவர் இணையதளத்தில் எங்காவது ஒட்டவைத்துவிட வேண்டும், அதுதான் இதன் பிறவிப்பயன். ஏன் என்கிறீர்களா? நிறையப் பேர் நம்மைச் சுட்டிக்காட்டினால், 'பெரிய ஆள் போலிருக்கிறது' என்று தேடுபொறி நம்பி, நம்மை மேலே தூக்கி வைக்குமாம். கல்யாண மண்டபத்தில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொன்னால், ஐந்தாமவரும் யாரென்றே தெரியாமல் எழுந்து நிற்பதில்லையா?

இந்த இனத்தில் ஒருவர் தன் அக்காவின் மெத்தைக் கடையில் இருக்கிறார். வயது நாற்பத்தொன்று. கடையில் எல்லோருக்கும் 'லிங்க் தம்பி'.

மீன் தொட்டியைச் சுத்தம் செய்வது எப்படி என்று ஒருவர் எழுதியிருந்தால் அதன் கீழே 'அருமையான பதிவு, மீனுக்கும் ஓய்வு தேவை' என்று எழுதிக் கடை முகவரியைச் செருகுவார். ஏணியில் ஏறும் முறைக்குக் கீழே 'அருமையான பதிவு, விழுந்தால் எங்கள் மெத்தையில் விழுங்கள்' என்பார். யாரோ ஒரு பெரியவர் காலமான செய்திக்குக் கீழே 'அருமையான பதிவு, நிம்மதியான உறக்கத்துக்கு' என்று தொடங்கி... வேண்டாம், அதை நான் முழுதாகச் சொல்லப்போவதில்லை. படித்துப் பார்த்துவிட்டு எழுதக் கூடாதா? படிக்க ஏது நேரம்! எழுத ஒரு பெட்டி இருந்தால் போதாதா?

அக்கா மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம்கூட, "உங்க ஆபீஸ் வெப்சைட்ல ஓரமா ஒரு லிங்க் போட இடம் இருக்குமா மாப்ள?" என்றுதான் கேட்டார். மாப்பிள்ளை மறுபடி வரவில்லை.

அக்கா ஒருநாள் கெடு வைத்தாள். "சனிக்கிழமைக்குள்ள, மெத்தைன்னு தேடினா நம்ம கடை முதல் பக்கத்துல வரணும். இல்லேன்னா இந்த வேலையை என் கொழுந்தன் பாக்கட்டும். நீ குடோன்ல மெத்தை தூக்கு."

"ஏசி ரூம்லேர்ந்து குடோனுக்கா? அக்கா, நான் உன் கூடப் பிறந்தவன்."

"அதனாலதான் ஒரு வாரம் குடுத்தேன்."

லிங்க் தம்பி கணினிக்கு ஓடினார். ஊரெல்லாம் படிக்கும் ஓர் எலும்பு மருத்துவரின் இணையதளம் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாள் ஒருமுறை கடை பேரைச் சொன்னால் போதும். பதினோரு மின்னஞ்சல் போட்டார். பதில் இல்லை. பன்னிரண்டாவதாக ஒரு மெத்தையையே அனுப்பிவிட்டார். எந்த மெத்தை? கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று அக்கா மூலையில் சாய்த்து வைத்திருந்தாளே, அந்த மெத்தை. கைக்கு எட்டியது அதுதான்.

வெள்ளிக்கிழமை மருத்துவரின் கட்டுரை வந்தது. கட்டுரையை யார் பார்த்தார்கள்? நீல நிறத்தில் அடிக்கோடு போட்டுக் கடையின் பேர் இருந்தது. லிங்க் தம்பி நாற்காலியோடு மூன்று சுற்றுச் சுற்றினார்.

மறுநாள் மொத்தக் கடையும் கணினியைச் சூழ்ந்து நின்றது. அக்கா 'நல்ல மெத்தை' என்று தட்டினாள். ஐந்தாம் பக்கம்.

"அப்படி இல்லக்கா. 'முதுகு வலி மெத்தை'ன்னு போடு!"

போட்டாள். முதல் பக்கம். முதல் இடம்! லிங்க் தம்பி ஒரு திண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். விற்பனைப் பெண்கள் கைதட்டினார்கள், தையல்காரர் விசிலடித்தார், மெத்தை வாங்க வந்த ஒருவர் எதற்கென்று தெரியாமலே எல்லோருக்கும் கைகொடுத்தார். அக்கா மட்டும் கட்டுரையைத் திறந்து உரக்கப் படித்தாள்.

"'வாங்கவே கூடாத மெத்தைக்கு ஓர் உதாரணம். மூன்று நாள் படுத்தேன். நான்காம் நாள் என்னிடமே நான் வைத்தியத்துக்கு வந்தேன்.'"

கைகொடுத்த மனிதர் மெல்ல வாசலைப் பார்த்து நகர்ந்தார்.

"திட்டினா என்னக்கா? லிங்க் குடுத்துத் திட்டியிருக்காங்கல்ல!"

"கொழுந்தனுக்கு போன் போடுங்கடி."

கொழுந்தன் வந்து செய்த முதல் வேலை, அந்த வரியை எடுத்துவிடும்படி மருத்துவருக்கு எழுத உட்கார்ந்தது. அப்போதுதான் லிங்க் தம்பிக்குக் கண் கலங்கியது. குடோனுக்காக அல்ல. "எடுக்கச் சொல்லாதீங்க மச்சான்," என்று கையைப் பிடித்துக்கொண்டார். "குடோன்ல ரெண்டு ஆள் வேலைகூடப் பாக்கறேன். அந்த லிங்க்கை மட்டும் விட்டுடுங்க!"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்றுவிட்ட தம்பி போன வாரம் போட்ட நாற்பத்தேழு சுற்றுலாப் படங்களில் ஒன்றையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் இதயக்குறி போட்டுவிட்டு, பதிலுக்குத் தன் படத்துக்கு அவன் ஒன்றாவது போட்டானா என்று மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கே, அந்தக் கைபேசியைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள் பார்ப்போம்.