இந்த வருடம் நிஜமாகவே பழம் இல்லை

அன்புள்ள ஹில்க்கா அக்காவுக்கு,

தம்பி ஐமோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம். அங்கே நீயும், அத்தானின் முழங்காலும், மாப்பிள்ளையாகப் போகும் உன் மகன் அந்தெரோவும் சுகமாக இருக்க வேண்டும். நிற்க.

நேற்று தொலைபேசியில் நீ கத்தியதில் நாய் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "ஏன்டா, வருஷா வருஷம் 'பழம் இல்லக்கா'ன்னு அழுவே. பனிக்காலத்துல வந்து உன் ஃப்ரீசரைத் திறந்தா ஹில்லாப் பழமா கொட்டும். சம்பந்தி வீட்டுக்காரங்க ஹெல்சிங்கியிலேர்ந்து வர்றாங்க. ஹில்லா இல்லாம கல்யாண கேக் வெச்சா என் மானம் என்னடா ஆவும்?" என்றாய். நியாயம்தான். ஆனால் இந்த வருடம் நிஜமாகவே இல்லை அக்கா. நடுக்குளிரில் மழை பெய்ததே, அதில் பனிப்போர்வை மொத்தமும் உருகி ஓடிவிட்டது. காட்டு நீலப்பழப் புதர்கள் வசந்தம் வந்துவிட்டதாக நம்பி மொட்டு விட்டன. அடுத்து வந்த குளிர் அத்தனையையும் கருக்கிவிட்டது. சதுப்பில் ஹில்லா அவசரப்பட்டு மே மாதமே பூத்து, ஜூன் உறைபனியில் செத்தது. சரி, மற்றவர்கள் சதுப்பிலும் இதே கதிதானா என்று பக்கத்து வீட்டு எஸ்கோவிடம் கேட்டேன். "ஒண்ணுமே இல்லப்பா" என்றான். நன்றாக விளைந்த வருடங்களிலும் அவன் அதையேதான் சொல்வான். நானும்தான். மறுநாள் சதுப்பில் எதிரே வந்தான், சட்டைக்குள் வாளியை மறைத்துக் கர்ப்பிணி மாதிரி. "என்ன ஐமோ, நடைப்பயிற்சியா?" "ஆமா, நீ?" "நானும் அதான்." அவன் வாளியும் என் முதுகுக்குப் பின்னாலிருந்த வாளியும் காலி. ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பெண் வந்து ஊரையே கூட்டிவைத்துக் காப்பி கொடுத்தாள். "இந்த வருஷம் பழம் எப்படி?" "ஒண்ணுமில்லை." "போன வருஷம்?" "ஒண்ணுமில்லை." "உங்க சின்ன வயசுல?" "அப்பவும் ஒண்ணுமில்லைம்மா." அந்தப் பெண் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, பருவநிலை மாற்றத்தால் எங்கள் ஊருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். எல்லோரும் இன்னொரு காப்பி குடித்தோம்.

நீயாவது என்னை நம்ப வேண்டும். அதற்காக, அப்பா சாகும்போது என் காதில் மட்டும் சொன்ன ஹில்லா விளையும் ரகசிய இடத்தை எழுதுகிறேன். விவாகரத்தின்போது மெர்யா வீட்டைக் கேட்டாள், கொடுத்தேன். படகைக் கேட்டாள், கொடுத்தேன். இதைக் கேட்டாள், வாயைத் திறக்கவில்லை. மரப்பாலம் தாண்டி, இடி விழுந்த பைன் மரத்துக்கு வடக்கே, நாரைச் சதுப்பு. நேரில் வந்து பார். ஒரு பழம் இருந்தால் என்னைத் தம்பி என்று கூப்பிடாதே.

மணமக்கள் நிறைய வருடம் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வாழட்டும்.

உன் பிரியமுள்ள தம்பி,
ஐமோ

பி.கு.: மேலே எழுதிய சதுப்பு அப்பா சொன்ன சதுப்பு இல்லை. அங்கே எந்தக் காலத்திலும் ஒன்றும் விளைந்ததில்லை, வீணாகப் போய்க் காலை நனைத்துக்கொள்ளாதே. கோபிக்காதே அக்கா. அடுத்த வருடம் பழம் வந்தாலும் வரும், இல்லையா?