எங்கள் தெருப் படங்கள் ஒரே குவியலான கதை

கம்ப்யூட்டர் படிக்கிற ஒரு பெண் தெருவில் இருந்தால் போதும், அந்தத் தெருவுக்கு வேறு எதிரி வேண்டாம்.

பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் அந்தப் பெண் நான்தான். எல்லார் போனும் நிரம்பி வழிந்துகொண்டிருந்த நேரம். பொன்னேரிக் காலேஜில் எனக்கு ஒரு மெயிலும், அதோடு கிளவுடில் ஏராளமாக இலவச இடமும் கொடுத்திருந்தார்கள். சும்மா இருப்பேனா? தெரு மொத்தத்தின் போனையும் என் ஒரே கணக்கில் இணைத்துவிட்டேன். (தனித்தனிக் கணக்கு ஆரம்பித்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். நினைத்தபோது சிம்மை மாற்றுகிற ஜனம். ஓடிபி யாருக்கு வரும்?) வீட்டுக்கு ஒரு ஆல்பம், ஆல்பத்துக்கு ஒரு பூட்டு. படம் எடுத்தால் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். அழிக்கவும் சொல்லிக்கொடுத்தேன். அழித்தால் மட்டும் பத்தாது, குப்பைத் தொட்டியையும் காலி செய்யணும், அப்போதுதான் இடம் மிச்சம் என்று வீடு வீடாகப் பாடம் நடத்தினேன். போன வீட்டிலெல்லாம் டீயும் வறுத்த இறாலும் கிடைத்தன. இந்த ஊருக்கே ஐ.டி. கம்பெனி நான்தான் என்று நடந்துகொண்டிருந்தேன்.

என்னை முழுசாக நம்பியவள் எதிர்வீட்டு அமலி அக்கா. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே அவள் புருஷன் ஸ்டீபன் மாமா கப்பல் வேலைக்குப் போய்விட்டார். நடுக்கடலில் சிக்னல் கிடையாது. பையன் ஆரோனின் முதல் சிரிப்பு, முதல் பல், முதல் தவழல் எல்லாமே அப்பா வந்து பார்ப்பதற்காக என் கிளவுடில் சேர்ந்தன. நடுவில் அவள் போன் ஏரியில் விழுந்து, வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று. "போனா போவுது, அதான் உன்கிட்ட பத்திரமா கீதே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

பிறகு கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. எளிமையான அனுபவத்துக்காக ஆல்பம், பூட்டு, முகத்தை வைத்துத் தேடுவது எல்லாவற்றையும் எடுக்கிறார்களாம். படங்கள் மட்டும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்குமாம். பத்திரம் என்ற சொல்லோடு நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

இங்கே எங்கள் ஏரியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எவ்வளவு நண்டு பட்டாலும் கரையில் வந்து "ஒன்னும் படலை" என்றுதான் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் மறுநாள் ஊரே அந்த இடத்தில் வலையோடு நிற்கும். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் கூடையைத் திறந்து பெருமைப்படாமல் இருக்கவும் முடியாது. அமலி அக்கா வீட்டில் வலை போட ஆள் இல்லை, ரகசியம் வெளியே போகாது. அவள் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தால் எல்லாரும் நம்பிக் கூடையைத் திறந்தார்கள். நண்டு எவ்வளவு பெரிது என்று காட்டப் பக்கத்தில் எதையாவது வைக்க வேண்டும் இல்லையா? ஆரோனை வைத்தார்கள். அக்கா படம் எடுத்தாள்.

பூட்டு போன அன்று காலையில் எல்லார் படமும் எல்லார் போனிலும் தெரிந்தது. என் நைனாவின் கூட்டாளி முனுசாமி மாமா போனை நீட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். படத்தில் எங்கள் வீட்டுக் கூடை. கூடை நிறைய நண்டு. அதன் மேல் போட்ட பலகையில் ஆரோன்.

"இன்னா மச்சான், அன்னிக்கு ஒன்னும் படலைன்னு எங்க ஊட்டு கொழம்ப வாங்கிக்கினு போனியே. புள்ள எது மேல குந்திக்கினு கீது?"

நைனா படத்தை நிதானமாகப் பார்த்தார். "புள்ளையப் பாரு மச்சான், இன்னா அழகா சிரிக்கிறான்."

சொல்லிக்கொண்டே விரலால் அடுத்த படத்துக்குத் தள்ளினார். அதில் முனுசாமி மாமா வீட்டு அண்டா, விளிம்பு வரை இறால். அதைப் பிடித்துக்கொண்டு ஆரோன், முதல் பல் தெரிய.

இருவரும் அவரவர் போனைக் குனிந்து பார்த்தார்கள். அதே நேரம் தெருவில் எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. நான் கம்பெனியின் உதவிப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவரவர் நண்டும் இறாலும் தெரிந்த படங்களை அழித்து, குப்பைத் தொட்டியையும் மறக்காமல் காலி செய்திருந்தார்கள். என் மாணவர்களில் ஒருத்தர்கூடத் தேறாமல் போகவில்லை.

கம்பெனியின் புகார்ப் பக்கத்தில் அழுது எழுதினேன். அங்கே உலகமே அழுதுகொண்டிருந்தது. யாரோ செத்துப்போன நாயின் படத்தைத் தேடினார்கள், யாரோ அம்மாவைத் தேடினார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான்.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் அமலி அக்கா.

"நன்றி சொல்றாங்கக்கா."

"எதுக்கு?"

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அந்தப் பல் படத்துக்காகப் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அவள் வாசலில் தெருவே மன்னிப்பாக நண்டு கொண்டுவந்து குவித்தது. (எங்கே பிடித்தது என்று அப்போதும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.)

ஸ்டீபன் மாமா வந்து சேர்ந்தார். தெருவே அவர் வீட்டில் கூடியது. யாருக்கும் ஆபத்தில்லாத படங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. காலிக் கூடைக்குள் ஆரோன். காய்ந்த வலைமேல் ஆரோன். ஒன்றுமில்லாத ஐஸ் பெட்டிக்குள் தூங்கும் ஆரோன். மாமா ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"நான் போனதுலேர்ந்து ஏரில மீனே படலையா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

நைனா, முனுசாமி மாமா, மொத்தத் தெருவும் தலையை ஆட்டியது. "ஆமா மாப்ள. ஒன்னும் படலை."

இப்போது எங்கள் தெருவில் நல்ல பாடு கிடைத்து வலை நிறைந்த நாளில் யாரும் வாயைத் திறப்பதில்லை. "ஆரோனை அந்தாண்ட தூக்கிக்கினு போங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும், அவ்வளவுதான். எல்லாருக்கும் புரிந்துவிடும், சிரிப்பார்கள். அமலி அக்காவும் சிரிப்பாள். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு.